சிறுவாணிக்குப் போவதற்கு முன்னால்

அன்புள்ள அம்மிணி,

காலாண்டு லீவுக்குப் பிள்ளைகளோடு வருகிறாய் என்றதில் அப்பாவுக்கும் எனக்கும் ரொம்ப சந்தோஷம். சிறுவாணி அணையில் போட்டிங் உண்டா, குளிக்க விடுவார்களா என்று கேட்டிருந்தாய். அது வேண்டாம் கண்ணு. குளிக்கத்தான் ஆசை என்றால் கோவைக் குற்றாலம் இருக்கிறது, அதுவும் வனத்துறை விடுகிற நாளில். படகுக்கு ஊட்டி இருக்கிறது. சிறுவாணியைப் பார்த்துவிட்டு மட்டும் வாருங்கள்.

அணை இருப்பது கேரளாவில், பாலக்காடு மாவட்டத்தில். கேரள வனத்துறையிடம் முன்னாடியே அனுமதி வாங்க வேண்டும். 1973-இல் இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்ட பிறகு கட்டிய அணை இது. முழு நீர்மட்டம் 50 அடி. அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகத் தண்ணீர் தானாகவே நம் பக்கம் இறங்கி வருகிறது. அடிவாரத்தில் சுத்திகரித்து நம் கோயம்புத்தூருக்கு விடுகிறார்கள். சோலைக்காட்டு மழையை மண் வடிகட்டிக் கொடுப்பதால்தான் அந்த ருசி. காட்டுக்குள் நாம் போடுகிற அழுக்கு கடைசியில் நம் குழாய்க்குத்தானே வரும்?

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது போர்வெல் தண்ணீரில் பருப்பு வைத்தால் எவ்வளவு நேரமானாலும் வேகாமல் கிடக்கும். பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும், புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது. சிறுவாணித் தண்ணீரில் அதே பருப்பு மெத்தென்று குழைந்துவிடும். அதனால் குழாயில் நல்ல தண்ணீர் வருகிற நாளில் முதலில் சமையலுக்குத்தான் பிடித்து வைப்பேன். இன்றைக்கும் அப்படித்தான்.

இந்த மலைத் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரலாம் என்று முதலில் சொன்னவர் நம் ஊர்ப் பத்திரிகைக்காரர் நரசிம்மலு நாயுடு, போன நூற்றாண்டுக்கும் முன்னால். நம் ஊர் ஆர்.எஸ்.புரத்துக்குப் பெயர் தந்த இரத்தினசபாபதி முதலியாரும் அதற்காகப் பாடுபட்டார். அவர்கள் இல்லாவிட்டால் நம் தெருவில் இந்தக் குழாய் ஏது? பேரப் பிள்ளைகளுக்கு இதையெல்லாம் நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் பாட்டி கதை என்று ஓடிவிடுவார்கள்.

2017-இல் அணை வற்றியபோது ஊர் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை.

சரி, அனுமதி கிடைத்ததும் எந்த நாள் என்று சொல். புளிச்சோறு கட்டித் தருகிறேன். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், சொம்பும் தூக்கும் எடுத்துக்கொள். சாப்பிட்ட இலையையும் வீட்டுக்கே கொண்டு வந்துவிடு.

அன்புடன்,
அம்மா