கிணற்றடியில் ஓர் அளவு நாடா

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் கதையும் வியாழக்கிழமை வந்து சேர்ந்தன. மீனாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது அறிந்து நிம்மதி. இங்கே அக்கா மகன் கல்யாணம் முடிந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. உன் கதையை ஒரே இரவில் இரண்டு முறை படித்தேன்.

அதில் அண்ணன் தம்பியின் பாகப்பிரிவினைச் சண்டை பஞ்சாயத்து, வக்கீல் நோட்டீஸ், கடைசியில் அரிவாள் என்று ஏறிக்கொண்டே போகிறது. ஆனாலும் என் மனம் அசையவில்லை. ஏன் என்று இரண்டு நாள் யோசித்தேன்.

மனிதனோடு, இயற்கையோடு, சமூகத்தோடு, தன் மனத்தோடு என்று கதையின் முரண்களை வகை பிரித்துக் கல்லூரி நோட்டில் எழுதிவைத்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு கதைக்கு ஒரு வகை என்றே அன்று நம்பினோம். நேற்று ஜெயகாந்தனின் ‘அக்கினிப் பிரவேச’த்தை மறுபடி எடுத்தேன். 1966இல் ஆனந்த விகடனில் வந்த கதை. மழையில் பஸ்ஸுக்கு நிற்கும் மாணவி, காரில் ஏற்றிக்கொண்டவனின் ஆசைக்கு இரையாகிறாள். மோதல் அவனோடுதான் என்று நினைப்போம். அவனோ பாதியிலேயே போய்விடுகிறான். மகள் சொன்னதைக் கேட்டுத் தாய் அலறுகிறாள். அக்கம்பக்கத்தார் என்னவென்று கேட்கிறார்கள். கதையே அந்த நொடியில்தான் இருக்கிறது. மழையில் நனைந்து வந்தாள், அதற்குத்தான் திட்டினேன் என்று சமாளித்துவிட்டு, மகளை அழைத்துப்போய்த் தலையில் தண்ணீரைக் கொட்டுகிறாள். சற்றுமுன் அவள் வாயிலிருந்து வந்ததும் ஊரின் குரல்தானே? ஊரோடு அவளுக்கிருக்கும் முரணையும் தன் மனத்தோடு இருக்கும் முரணையும் பிரித்துக்காட்ட என்னால் முடியவில்லை.

தாய் அப்படி மறைக்காமல் ஊரறிய அழுதிருந்தால்? அந்தக் கேள்வியில்தான் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் பிறந்தது. 1972இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. தாய் செய்த ஒன்றை மாற்றியதும் மகளின் முழு வாழ்க்கையும் அல்லவா கதையாகிவிட்டது!

உன் கதையில் கிணற்றடியில் தம்பி அளவு நாடாவை விரிக்கிறான். மறுமுனை காற்றில் ஆடுகிறது. அண்ணனே குனிந்து அதைப் பிடித்துக்கொடுக்கிறான். இதை இரண்டே வரியில் தாண்டிவிட்டாயே! தம்பியைப் படிக்கவைக்கக் கடன் வாங்கிய கை அது. அதைப் பார்த்துக்கொண்டே அடிக்கணக்குச் சொல்லும் தம்பிக்குக் குரல் எப்படி வந்தது? எனக்கு அதுதான் தெரியவேண்டும். அரிவாளை நீக்கிவிடு, வக்கீலும் வேண்டாம். அந்தக் கிணற்றடியிலேயே இன்னும் கொஞ்ச நேரம் நில்.

பொங்கலுக்கு மறுநாள் அங்கே வருகிறேன். திருத்தி எழுதியதை நீயே வாசித்துக் காட்டு.

அன்புடன்,
ராஜு