முலாம் போனா போனதுதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பழைய உலகக் கண்காட்சி மெடல்கள் சேகரிக்கிறதைப் பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன், இதையெல்லாம் எழுத ஆள் இருக்காங்களேன்னு அவ்வளவு சந்தோஷம். ஆனா மங்கின மெடலை பாலிஷ் போட்டுத் தேய்ச்சா பழைய பளபளப்பு வந்துரும்னு ஒரு வரி வந்திருக்கு பாருங்க, அங்க மனசு பதறிடுச்சு. தயவுசெஞ்சு அடுத்த இதழ்லயே திருத்தம் போடுங்க, அதுக்குள்ள எத்தனை பேரு துணியை எடுத்தாங்களோ.

அந்த மெடல்கள்ல பலது பாக்க தங்கம் மாதிரி இருந்தாலும் உள்ள வெண்கலமோ செம்போதான், மேல இருக்கிறது வெறும் முலாம். அந்தக் காலத்துல தங்கத்தைப் பாதரசத்துல கரைச்சுப் பூசி, சூடு பண்ணி பாதரசத்தை ஆவியா ஓட்டுவாங்க, அது கொஞ்சம் கனமா நிக்கும், வேலை பாத்தவங்க உடம்புதான் பாழாப் போச்சு. 1840ல இங்கிலாந்து உற்பத்தியாளர் எல்கிங்டன் கரண்ட்ல முலாம் பூச பேட்டன்ட் வாங்கின பிறகு இந்த கரண்ட் முறை பரவுச்சு, முலாமும் ரொம்ப மெல்லிசாயிடுச்சு.

எனக்கு இது பட்டுத் தெரிஞ்சது. 1915 சான் பிரான்சிஸ்கோ பனாமா பசிபிக் கண்காட்சி மெடல், சிற்பி ராபர்ட் எய்ட்கன் டிசைன், மெர்குரிங்கிற ரோமானியத் தேவன் பனாமா கால்வாய் மதகைத் திறந்து கப்பலுக்கு வழி விடுறான், மொத்தமே 38 மில்லிமீட்டர்ல அவ்வளவு வேலைப்பாடு. வெள்ளி, வெண்கலம், தங்க முலாம் பூசின கில்ட்னு மூணு விதமா அடிச்சாங்க, என்கிட்ட வந்தது கில்ட். ரெண்டு நிமிஷம்கூட தேய்ச்சிருக்க மாட்டேன், மெர்குரியோட தோள்லயும் தொடையிலயும் பழுப்பா உலோகம் தெரிய ஆரம்பிச்சிடுச்சு, மேடான இடம்தானே முதல்ல தேயும். இன்னைக்கும் அதைக் கையில எடுத்தா வயித்தைப் பிசையுது.

திரும்ப முலாம் போட்டுக்கலாமேன்னு சிலர் சொல்வாங்க. போடலாம், ஆனா லென்ஸ் வெச்சுப் பாத்தா தெரிஞ்சுரும், பழைய கீறலோட அடிக்குள்ளயும் தங்க நிறம் இருந்தா கீறல் விழுந்தப்புறம் பூசினதுன்னு அர்த்தம். வாங்குறப்போ இதைக் கட்டாயம் பாருங்க.

விளிம்பையும் பாருங்க, நிறைய பேரு அதைத் திருப்பியே பாக்கிறதில்ல. பாரிஸ் நாணயசாலை 1860லேர்ந்து தேனீ முத்திரை போட்டுச்சு, 1880லேர்ந்து பழமும் பூவும் வழியுற கொம்பு முத்திரை. அதனால 1878 பாரிஸ் கண்காட்சி மெடல்னு ஒருத்தர் நீட்டி, விளிம்புல கொம்பு இருந்தா அது பழைய அச்சுல பின்னாடி அடிச்சது, அதுக்கு ஏத்த விலைதான் குடுக்கணும்.

அடுத்த தடவை மெடல் படம் போடும்போது முன்பக்கம் பின்பக்கத்தோட விளிம்பு படமும் ஒண்ணு சேத்துப் போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்