"எக்ஸ்பெரிமென்டல்" என்ற ஒற்றைச் சொல் போதாது: லினக்ஸ் கர்னல் பராமரிப்பாளர்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய கர்னல் பராமரிப்பாளர்களுக்கு,

வணக்கம். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் தமிழ்ப்பள்ளிகள், அச்சகங்கள், சிறு அலுவலகங்களின் லினக்ஸ் கணினிகளைப் பராமரிப்பவர்கள் எழுதுகிறோம்.

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலில் எந்தெந்த வசதிகள் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக் திரையில், ஒரு வசதியின் பெயரோடு "எக்ஸ்பெரிமென்டல்" (சோதனை நிலை) என்று முத்திரை ஒட்டிவிடுகிறீர்கள். அந்தச் சொல் மூலநிரலிலிருந்து கர்னலை உருவாக்குபவரின் (பில்ட் செய்பவரின்) திரையோடு நின்றுவிடுகிறது. அந்தத் தேர்வுகளைச் சேமிக்கும் கான்ஃபிக் கோப்பில் எஞ்சுவது வெறும் "ஒய்" (உள்ளேயே சேர்) அல்லது "எம்" (தனி மாட்யூலாகச் சேர்). ஆயத்த கர்னலை நிறுவுபவர் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாலும் எச்சரிக்கை எதுவும் கிடைக்காது. ஏற்கெனவே உள்ள ஒரு வசதிக்குப் பின்னாளில் இந்த முத்திரையைக் குத்தினாலும், பழைய தேர்வுகளைப் புதிய கர்னலுக்குக் கொண்டுவரும் "மேக் ஓல்ட்கான்ஃபிக்" கட்டளை மறுபடி கேட்பதில்லை; புதிய வசதிகளை மட்டுமே அது கேட்கும்.

முன்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எக்ஸ்பெரிமென்டல் சுவிட்ச் இருந்தது. உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகள் (டிஸ்ட்ரோக்கள்) ஏறக்குறைய எல்லாமே அதைத் திறந்தே வைத்திருந்ததால் அது யாரையும் தடுக்கவில்லை. 2013இல் 3.9 பதிப்போடு அதை நீக்கியது சரியான முடிவு. மென்பொருள் நிறுவும் கருவியான நிக்ஸ் இன்றும் அதே வழியில்தான் போகிறது: 2021இல் 2.4 பதிப்பில் வந்த ஃப்ளேக்ஸ் என்ற சோதனை நிலை வசதியைப் பலர் நிறுவிய கையோடு திறந்துவிடுகிறார்கள்.

முத்திரை எந்த அளவில் விழுகிறது என்பதும் முக்கியம். வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் பிடிஆர்எஃப்எஸ் (கோப்பு முறைமை) பல வட்டுகளில் தரவைப் பரப்பி வைக்கும் ரெய்டு முறைகளைத் தருகிறது; ஆனால் அவை ஒவ்வொன்றுக்கும் கான்ஃபிக்கில் தனி வரி இல்லை. அதன் ரெய்டு 1 நம்பகமானது. ரெய்டு 5, 6 அப்படியல்ல. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் தரவும் பாரிட்டியும் (வட்டு பழுதானால் தரவை மீட்க உதவும் கூடுதல் கணக்கும்) ஒத்துப்போகாமல் நின்றுவிடும். ஸ்க்ரப் (வட்டு முழுவதையும் சரிபார்க்கும் பணி) ஓடி அதைச் சரிசெய்யும் முன் ஒரு வட்டு பழுதானால், தவறான பாரிட்டியை வைத்து மீட்பு நடக்கும். அன்று யாரும் தொடாத பழைய கோப்பும் கெடலாம். மாலை இடிமழையில் மின்சாரம் போவது எங்கள் ஊர்களில் புதிதல்ல. வட்டை அமைக்கும் எம்கேஎஃப்எஸ் நிரல் எச்சரிக்கத்தான் செய்கிறது, ஆனால் ஸ்கிரிப்ட் வழியாக வட்டை அமைத்தால் அந்த வரி யார் கண்ணிலும் படாது.

ஆகவே முத்திரையில் எது கெடும், எந்த நிலையில் கெடும், எது முடிந்தால் முத்திரை நீங்கும் என்ற மூன்றும் இருக்கட்டும். உதாரணமாக: "சோதனை நிலை, ரெய்டு 5, 6 மட்டும். மின்தடைக்குப் பின் வட்டு பழுதானால் தரவு இழப்பு. மெட்டாடேட்டாவுக்கு (கோப்புகளைப் பற்றிய குறிப்புகளுக்கு) ரெய்டு 5உடன் ரெய்டு 1, ரெய்டு 6உடன் ரெய்டு 1சி3 வைக்கவும். மின்தடைக்குப் பின் உடனே ஸ்க்ரப் ஓட்டவும். இந்தக் குறை தீர்ந்ததும் முத்திரை நீங்கும்."

ஓடும் கணினியிலும் தடயம் வேண்டும். இதற்கு நல்ல முன்மாதிரி உங்களிடமே இருக்கிறது. ஸ்டேஜிங் டிரைவர் (இன்னும் தரம் உறுதியாகாத வன்பொருள் இயக்கி) ஏறினால், கர்னலின் செய்திப் பதிவான டிமெசேஜில் எச்சரிக்கை வருகிறது; கர்னலின் நிலையைக் குறிக்கும் டெய்ன்ட் மதிப்பில் 1024 சேர்கிறது. பழைய மலிவு மினி கணினிகளில் உள்ள ஆர்டிஎல்8723பிஎஸ் சிப்பின் வைஃபை அறுந்தால் எங்கே தேட வேண்டும் என்பது அந்த எண்ணைப் பார்த்ததுமே தெரியும். சோதனை நிலை வசதிகளுக்கும், அவை உண்மையில் பயன்படும் நேரத்தில், ஒரு டிமெசேஜ் வரியாவது தாருங்கள்.

ஒரு வசதிக்கான உதவிக் குறிப்பு மிகச் சுருக்கமாக இருந்தால், அனுப்பப்படும் மாற்றங்களைச் (பேட்ச்களை) சரிபார்க்கும் செக்பேட்ச் நிரல் இப்போதே கண்டிக்கிறது. காரணம் சொல்லாத முத்திரையையும் அது கண்டிக்கும்படி ஒரு விதி சேர்க்கலாம். அந்த பேட்ச்சை எழுதி அனுப்ப நாங்கள் தயார்.

இப்படிக்கு,
கோலாலம்பூர், பினாங்கு தமிழ் லினக்ஸ் பராமரிப்பாளர்கள்