போல்க்கேயின் எட்டாவது விதி

அன்பு மகளுக்கு,

உன்னை விமானப் பயிற்சிப் பள்ளியிலேயே உதவிப் பயிற்றுநராக இருக்கச் சொல்கிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து, முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் பறந்த ஓஸ்வால்ட் போல்க்கேயின் நினைவாகவே இருக்கிறேன். அவர் வீழ்த்திய 40 விமானங்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். வரலாற்றுப் பாடம் நடத்தியே காலம் கழித்த எனக்கோ, அவர் பிறருக்குக் கற்றுக்கொடுத்த இரண்டு மாதங்களே பெரிதாகப் படுகின்றன.

1891இல் ஹாலே நகரை அடுத்து ஓர் ஆசிரியரின் வீட்டில் பிறந்தவர்; ஆஸ்துமா தொல்லை உண்டு. சிறுவனாக இருக்கும்போதே, ராணுவப் பள்ளியில் இடம் கேட்டு நேரே பேரரசருக்குக் கடிதம் எழுதியவர். 1916 ஜனவரியில் அவருக்கும் இன்னொரு ஜெர்மானியப் போர் விமானியான மாக்ஸ் இம்மெல்மனுக்கும் ஒரே நாளில் நாட்டின் மிக உயர்ந்த ராணுவ விருது கிடைத்தது. பகை நாட்டுப் பிள்ளை என்று பாராமல், டூவே நகரக் கால்வாயில் மூழ்கிக்கொண்டிருந்த பதினான்கு வயது பிரெஞ்சுச் சிறுவனை உடுத்திய உடையோடு குதித்துக் காப்பாற்றியதும் இவரே.

அந்த ஜூனில் இம்மெல்மன் இறந்ததும், இவரையும் இழக்க அஞ்சிய பேரரசர் போர்முனையிலிருந்து விலக்கிப் பால்கன் நாடுகளுக்கும் துருக்கிக்கும் அனுப்பிவைத்தார். திரும்பும் வழியில் கோவெல் நகரில், தாம் அமைக்கவிருந்த படைப்பிரிவுக்கு இருவரைத் தேர்ந்தெடுத்தார்: ஒருவர் பின்னாளில் 'சிவப்புப் பிரபு' என்று உலகறிந்த விமானி ரிச்தோஃபன், மற்றவர் 37 வயதான எர்வின் போமே. இருபத்தைந்தே வயதான தலைவருக்குப் பன்னிரண்டு வயது மூத்த மாணவர்!

புதிய ஆல்பட்ராஸ் விமானங்கள் வரும்வரை அவர் மாணவர்களைப் போருக்கு அழைத்துச் செல்லவில்லை என்பதைக் கவனி. தாம் மட்டும் விடியற்காலையில் தனியே பறந்துவிட்டு வருவார். மற்றவர்களுக்குப் பகைவரின் விமானங்கள் எங்கே வலுவானவை, எங்கே வலுவற்றவை என்று பாடம் நடத்துவார். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள், மிக நெருங்கிய பிறகே சுடு, பகைவரின் எல்லைக்குள் இருக்கும்போது திரும்பும் வழியை மறவாதே என்று எட்டு விதிகளை அவர் வகுத்திருந்தார். தனித்தனியே வீரம் காட்டுவதை விடுத்துக் கூட்டாகப் பறக்க வேண்டும் என்பதும், ஒரே பகைவனைப் பலர் துரத்தக் கூடாது என்பதும் எட்டாவது விதி. செப்டம்பர் 17 அன்று முதன்முறையாகக் கூட்டாகப் பறந்தபோது ரிச்தோஃபனுக்கு முதல் வெற்றி கிடைத்தது.

அக்டோபர் 28. அன்று ஏற்கெனவே பலமுறை பறந்து களைத்திருந்த போல்க்கே மீண்டும் கிளம்பினார். அவரும் போமேயும் ஒரே ஆங்கிலேய விமானத்தைத் துரத்த, ரிச்தோஃபன் துரத்திய இன்னொன்று குறுக்கே பாய்ந்தது. இருவரும் விலகியபோது, போமேயின் சக்கரம் போல்க்கேயின் மேல் இறக்கையில் உரசியது. போல்க்கேயின் விமானம் தரையில் விழுந்தது; அவருக்குத் தலைக்கவசம் இல்லை, இருக்கைப் பட்டையும் சரியாகக் கட்டப்படவில்லை. தாமே எழுதிய எட்டாவது விதிக்கு எதிரான நிலையில் அவர் உயிர் போனது என்பதை நினைக்கும்போதெல்லாம் என் நெஞ்சு பதறுகிறது. "வீரமும் பண்பும் மிக்க எங்கள் எதிராளி" என்று எழுதி, ஆங்கிலேயர் வானிலிருந்து மலர்வளையம் போட்டார்கள்.

போமே உடைந்துபோனார், ஆயினும் தொடர்ந்து பறந்து, பின்னர் ஆசானின் பெயர் சூட்டப்பட்ட அதே படைப்பிரிவுக்குத் தலைவராகி, 1917 நவம்பரில் போரில் மாண்டார்.

பயிற்றுநர் பொறுப்பைத் தயங்காமல் ஏற்றுக்கொள், அம்மா. களைப்பாக இருக்கும் நாளில், இன்னும் ஒருமுறை பறக்கலாம் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடு. வகுப்புகள் என்றைக்குத் தொடங்குகின்றன என்று எழுது.

அன்புடன்,
அப்பா