‘ஒண்ணும் இல்லைன்னு போடு’ என்ற டீச்சருக்கு

அன்புள்ள டீச்சர்,

நேற்று மே 31, நீங்கள் ஓய்வு பெற்ற நாள். இனிமேல் உங்களுக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது. அதற்காகத்தான் இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன்.

விழாவுக்கு வராததற்கு மன்னியுங்கள். டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) வகுப்பில் மாதிரித் தேர்வு இருந்தது. அது ஒன்றுதான் காரணம் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அழைப்பிதழை வாட்ஸப் குழுவில் போட்டிருந்தீர்கள். வட்டாரத்தில் உள்ள எல்லாருக்கும் வந்த அதே படம்தான் எனக்கும் வந்தது. ‘வந்துடு கண்ணு’ என்று தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேர்வை விட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பேன். சரி, அதை விடுங்கள். மாலையும் கழுத்துமாக நீங்கள் நிற்கும் படத்தைப் பார்த்தேன். அந்த ஊதாப் புடவை உங்களுக்கு ரொம்பப் பொருத்தம்.

நான் எழுத வந்தது, பயிற்சி ஆசிரியராக உங்கள் வகுப்பைப் பார்த்து நான் நிரப்பிய உற்றுநோக்கல் பதிவேட்டைப் பற்றி. இதை நம் வட்டாரத்து ஆசிரியர்கள் படிப்பார்கள், எனக்குப் பாடம் எடுத்த விரிவுரையாளர்களும் படிப்பார்கள். அதனால் ஊர்ப் பெயர், பள்ளிப் பெயர், நான் பயிற்சிக்கு வந்த வருஷம் எதுவும் இதில் வராது. அன்று பார்வையிட வந்தவர் உங்களிடம் சொன்னதையும் எழுதப்போவதில்லை. அது உங்களுக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருந்தது: ‘வகுப்பறையில் பயன்படுத்தப்பட்ட தொழில்நுட்பக் கருவி.’ பக்கத்திலேயே ஸ்மார்ட் போர்டு, கைக்கணினி, மடிக்கணினி, கல்வித் தொலைக்காட்சி, எதுவுமில்லை என்று வரிசை. எதில் டிக் போடுவது என்று உங்களிடம் கேட்டேன். சத்துணவுக் கணக்கிலிருந்து தலையைத் தூக்காமல், “ஒண்ணும் இல்லைன்னு போடு” என்றீர்கள்.

அன்று மத்தியானம்தான் புங்கமரத்தடியில் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

அவன் பெயரை எழுதமாட்டேன். மூன்றாம் வகுப்பு. எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தின் கணக்குப்படி அரும்பு, அதாவது முதல் படி. மொட்டுக்கே இன்னும் வரவில்லை, மலர் எங்கேயோ இருந்தது. வகுப்பில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், உதடு பிரியாது. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, ஈரக் கையை டவுசரில் துடைத்துக்கொண்டு உங்கள் முன்னால் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்தான். மூலையில் விரிசல் விட்ட உங்கள் ஃபோனை, ரப்பர் பேண்ட் போட்ட கவரோடு, அவன் மடியில் வைத்தீர்கள். எதை அழுத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. அவனுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

“மளை பெய்தது. குளம் நிறைந்தது. தவளை குதித்தது.”

ஃபோனிடம் மட்டும் ரகசியம் சொல்வது போல வாசித்தான். நான் வாயைத் திறக்கப் போனேன். நீங்கள் என் முழங்கையைத் தொட்டீர்கள். அவன் தானே ஓடவிட்டுக் கேட்டான். நெற்றியைச் சுருக்கினான். திரும்பப் பதிந்தான், திரும்பவும் மளைதான். கேட்டான். அடுத்த முறை நாக்கை மேலே மடித்து, கழுத்து நரம்பு புடைக்க ‘மழை’ என்றான். யாரும் திருத்தவில்லை. பிறகு நீங்கள் பட்டியலில் கீழே போய் ஜூன் மாதத்துப் பதிவை ஓடவிட்டீர்கள். ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி ஒரு குரல்.

“யாரு டீச்சர் இது? ஒண்ணாப்பு பாப்பாவா?”

“நீதான்டா.”

அவன் நம்பவில்லை. ஃபோனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு இன்னொரு தடவை கேட்டான். அப்புறம் எழுந்து, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றவர்களிடம் ஓடினான். “ஜூன்ல நான் பாப்பா மாதிரி படிச்சேன்டா!” வகுப்பில் உதடு பிரியாத பையன், பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிற குரலில் கத்தினான்.

“படிக்கும்போது கண்ணும் நாக்கும்தான் வேலை செய்யும்மா. காது சும்மா இருக்கும். திருப்பிக் கேட்கும்போதுதான் காது வேலைக்கு வரும்” என்றீர்கள். இரண்டு வருடப் படிப்பில் கல்வித் தொழில்நுட்பம் பற்றி நான் எழுதி வைத்த குறிப்புகளில் இவ்வளவு உபயோகமான வாக்கியம் வேறு இல்லை.

இந்த வழி எங்கிருந்து வந்தது என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது உங்கள் பிள்ளைகளின் வீடுகளில் ஃபோன் இருந்தால் அது அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். அவர் வேலை முடிந்து திரும்பினால்தான் பிள்ளை கைக்கு வரும். இரவு ஒன்பது மணிக்கு மேல் உங்கள் வாட்ஸப்பில் ஒவ்வொன்றாகக் குரல் வரும். பின்னால் பாத்திரச் சத்தம், டிவிச் சத்தம், நடுவில் ஒரு பிள்ளை வாசிக்கும். 2021 நவம்பர் 1ஆம் தேதி ஒன்றிலிருந்து எட்டு வரை திறந்தபோது, யார் எவ்வளவு தூரம் பின்தங்கிவிட்டார்கள் என்று கண்டுபிடிக்க எல்லாரும் பரீட்சை வைத்தார்கள். உங்களிடம் குரல்கள் இருந்தன. அன்றிலிருந்து நீங்கள் பதிவதை நிறுத்தவில்லை. ரீசார்ஜ் உங்கள் சம்பளத்தில்.

இதைத்தான் நீங்கள் ‘ஒண்ணும் இல்லை’ என்று போடச் சொன்னீர்கள்.

ஏன் என்றும் எனக்குப் புரிந்தது. “பசங்க கையில ஃபோனைக் கொடுக்குறாங்கன்னு எவனாவது எழுதிப் போட்டா, நான் யாருக்கும்மா பதில் சொல்றது?” நியாயமான பயம். அதே பதிவேட்டோடு நான் போன வேறு பள்ளியில் அதன் மறுபக்கத்தைப் பார்த்தேன். நகரத்து நடுநிலைப் பள்ளி, வகுப்பு நிறையப் பிள்ளைகள், பெரிய திரை. விதை முளைக்கும் காணொளி ஓடியது. நன்றாக எடுத்திருந்தார்கள். பிள்ளைகள் கை கட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். அவ்வளவு நேரமும் அந்த டீச்சர் ஜன்னலோரமாகக் கைக்கணினியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செயலியில் மதிப்பீட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. காணொளி முடிந்தால் திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்குள் ஏற்றாவிட்டால் கேள்வி வரும், பிள்ளைகளையும் சத்தம் போடாமல் வைத்திருக்க வேண்டும். பள்ளித் தோட்டம் பத்தடி தூரத்தில் இருந்தது. ஒரு பிள்ளைகூட ஒரு விதையைக் கையில் எடுக்கவில்லை. என் பதிவேட்டில் அந்த வகுப்புக்கு இரண்டு டிக் விழுந்தது.

கருத்தரங்கில் எங்களுக்கு யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டு உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையைக் கொடுத்தார்கள். அந்த வருஷ அறிக்கை முழுவதும் வகுப்பறைத் தொழில்நுட்பம்தான். கருவி யார் விருப்பப்படி நடக்கிறது என்பதே அதன் கேள்வி. ஃபோன் பிள்ளைகளின் கவனத்தைச் சிதறடிப்பதையும் அது பேசுகிறது. உங்கள் பயத்துக்கு அங்கேயும் இடம் இருக்கிறது. என்னிடம் கேட்டால், அந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் மரத்தடியில் கிடைத்தது. அந்த ஃபோன் பையனின் விருப்பப்படி நடந்தது. எப்போது நிறுத்துவது, எதைத் திரும்பக் கேட்பது, எது போதும் என்று அவன் முடிவு செய்தான்.

ஆனால் டீச்சர், கடல் பாடத்தை நான் மறக்கவில்லை.

நம் மாவட்டத்தில் கடல் இல்லை. பிள்ளைகளில் ஒருவரும் கடல் பார்த்ததில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் பாடக்குறிப்பு எழுதினேன். பீரோவிலிருந்து ஸ்மார்ட் போர்டின் பேனாவை எடுத்துக் கொடுக்க நீங்கள் எவ்வளவு யோசித்தீர்கள்! திரையில் அலை வந்தது. சத்தத்தைக் கூட்டி வைத்தேன். முன்வரிசைப் பிள்ளைகள் காலை இழுத்துக்கொண்டார்கள், நனைந்துவிடுமாம். ஒருத்தி கேட்டாள், “டீச்சர், திரும்பிப் போற தண்ணி எங்க போவுது?” மேலே வரும் அலைக்கு அடியில் பழைய அலை திரும்பிப் போவதை நிறுத்திக் காட்டி, பேனாவை அவள் கையில் கொடுத்து வட்டம் போடச் சொன்னேன். எல்லாரும் எழுந்து ஓடி வந்து திரையைத் தொட்டார்கள். நீங்கள் வாசலிலிருந்து வந்து பேனாவை அவள் கையிலிருந்து வாங்கினீர்கள். “பாடம் நடத்த வந்தியா, படம் காட்ட வந்தியா?” பிள்ளைகளுக்கு முன்னால் கேட்டீர்கள்.

இருப்புப் பதிவேட்டில் அது உங்கள் பெயரில் இருக்கிறது, உடைந்தால் நீங்கள்தான் கட்ட வேண்டும் என்று நாலாவது, அஞ்சாவது வகுப்பு எடுக்கும் நம் ‘நாலு அஞ்சு சார்’ பிறகு எனக்கு விளக்கினார். இருக்கட்டும். அவள் வட்டம் போட்டு முடித்திருப்பாள். ஒரு நிமிஷம் போதும். ஒரு பையனுக்காகச் சொந்த ஃபோனையே கொடுத்த கை, அந்தப் பெண்ணிடமிருந்து அரசாங்கப் பேனாவைப் பிடுங்கியது. இரண்டும் ஒரே கைதான் என்பதை என்னால் இன்னும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இப்படி எழுதுகிறேனே தவிர, உங்களை அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது எது என்று எனக்குத் தெரியும். 2007-08இல், பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது வந்த அட்டைகளைப் பின் அறையில் காட்டினீர்கள். ஏணிப்படி, தட்டு, கம்பிப் பந்தல் எல்லாவற்றுக்கும் வட்டார வள மையத்தில் பயிற்சி. பிறகு அட்டைகளைக் கட்டி வைக்கச் சொன்னார்கள். 2018இலிருந்து புத்தகத்தில் விரைவுத் துலங்கல் குறியீடு (கியூ.ஆர். கோடு), 2019இல் கல்வித் தொலைக்காட்சி, 2022இல் எண்ணும் எழுத்தும், பிறகு திரை, கைக்கணினி. அரசு அறிவித்த கணக்கில் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள். கைக்கணினி 79,723 ஆசிரியர்களுக்கு. வந்த ஒவ்வொன்றையும் நீங்கள் முதலில் நம்பினீர்கள். அட்டைகளை எலி கடிக்காமல் இத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருந்ததிலேயே அது தெரிந்தது. சுவரின் அடியில் பிள்ளைகள் உயரத்துக்கு அடித்த கரும்பலகையை மட்டும் நீங்கள் விடவில்லை. ஆளுக்கு ஒரு கட்டம், கட்டத்தில் பெயர். திரை மாட்டியபோது அதன் பெட்டி இரண்டு பிள்ளைகளின் கட்டத்தை மறைத்துவிட்டது என்று மாட்ட வந்த ஆளிடம் நீங்கள் சண்டை போட்டதை ஆயாம்மா சொல்லிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படிச் சண்டை போடத் தெரிந்த நீங்கள், பதிவேட்டில் ஒரு வரி எழுத ஏன் பயந்தீர்கள்?

நீங்கள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். தொகுப்பு அறிக்கையில் உங்கள் வகுப்பு, கருவி பயன்படுத்தாத வகுப்புகளின் பட்டியலில் வந்தது. அதைச் சத்தமாக வாசித்தபோது அரங்கில் யாரோ, “பழைய டீச்சர்ஸ் மாறமாட்டாங்க” என்றார்கள். உங்களுக்குக் கொடுத்த வாக்குக்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்று உங்கள் மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை. அந்த அரங்கில் இருந்த அத்தனை வருங்கால ஆசிரியர்களையும் இதைத் தெரிந்துகொள்ளவிடாமல் செய்தீர்கள். ஃபோனும் ஐந்து நிமிஷமும் இருந்தால் போதும், எந்த ஊரிலும் செய்யலாம். நிதி வேண்டாம், டெண்டர் வேண்டாம்.

அதனால் இன்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னதற்கு மன்னியுங்கள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பீர்கள்.

என் வகுப்பு என்று ஒன்று எனக்கு எப்போது கிடைக்கும் என்று தெரியவில்லை. 2018ஆம் ஆண்டு அரசாணை 149க்குப் பிறகு டெட் தேறினாலும் போட்டித் தேர்வு தனி. 2024இல் நடந்த இடைநிலை ஆசிரியர் தேர்வுக்கு 2,768 இடம். டெட்டையே எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை நீங்கள் பார்த்தீர்கள், தேர்வு மைய வாசலில் என்னோடு நின்றவர் நீங்கள்தானே. சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தீர்கள். அதை நினைத்தால் மேலே எழுதியதில் பாதியை அடித்துவிடத் தோன்றுகிறது. அடிக்கவில்லை.

ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பழைய ஃபோனைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கப்போவதாக உங்கள் மகள் குழுவில் எழுதியிருந்தார். கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பதிவுகளை, பெயரும் மாதமும் போட்டபடியே, ஒரு பென் டிரைவில் ஏற்றி வையுங்கள். பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, அந்தந்தப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிடலாம். பள்ளி திறந்ததும் வாரம் ஒரு நாள் மத்தியானம் நான் வருகிறேன், மரத்தடியில் பதிகிற வேலையை என்னிடம் விடுங்கள். நாலு அஞ்சு சாரிடம் பேசிவிட்டேன். அவருக்குச் சம்மதம். இந்த முறை பதிவேட்டில் எழுதியே செய்யலாம் என்கிறார். திரையையும் பிள்ளைகளுக்குத் திறந்துவிடப் போகிறாராம். பீரோ சாவி அவரிடம் வந்துவிட்டது, உள்ளே பேனா மட்டும் இல்லையாம். எங்கே வைத்தீர்கள் என்று அவருக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டிரெய்னிங் டீச்சர்