நூலக யன்னலும் மூதூர்ப் பிள்ளைகளும்

திருகோணமலை
2021 நவம்பர் 7

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் தீபாவளிக்கு முதல் நாள் கிடைத்தது. அம்மாவுக்கு இரண்டாவது ஊசியும் போட்டாயிற்று என்று வாசித்ததும் மனம் ஆறியது. இங்கே அப்பா சுகம். தீபாவளி அமைதியாகப் போனது, கோயிலுக்கும் நேரத்தோடு போய் வந்துவிட்டோம். மழை தொடங்கிவிட்டது. உப்புவெளிப் பக்கம் கடல் இரைகிற சத்தம் இரவில் வீட்டுக்குள்ளேயே கேட்கிறது. நாளைக்கு 10ஆம் தரத்திலிருந்து 13ஆம் தரம் வரை பள்ளிக்கூடம் தொடங்குகிறதல்லவா? நீ இந்நேரம் உன் பள்ளி நூலகத்தைத் தூசி தட்டிக்கொண்டிருப்பாய்.

நான் படிப்பிக்கிற கல்லூரி கொரோனாவால் மூடிக்கிடந்த காலத்தில் எங்கள் நூலகம் எப்படி நடந்தது என்று கேட்டிருந்தாய். இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் எழுத வேண்டும். எனக்கு அதில் ஒரு கவலை இருக்கிறது, உன்னிடமிருந்து ஓர் உதவியும் வேண்டும்.

போன வருடம் மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது நூலகமும் பூட்டுப்பட்டது. அந்த நேரம் யார் கையில் எந்தப் புத்தகம் இருந்ததோ அதுதான் அவர்களுக்கு மிச்சம். அப்புறம் கட்டுப்பாடுகள் தளர்வதும் இறுகுவதுமாகவே காலம் போனது. இந்த வருடம் மே மாதம் பயணத்தடை, ஓகஸ்ட் 20இலிருந்து ஒக்டோபர் 1 வரை மறுபடியும் ஊரடங்கு. இடையில் கிடைத்த மாதங்களில் நூலகத்தின் பக்கவாட்டு யன்னல் ஒன்றைத் திறந்து அதன் வழியாகப் புத்தகம் கொடுக்கத் தொடங்கினார்கள். உள்ளே போக முடியாது. வாட்ஸப்பில் புத்தகத்தின் பெயரையும் மாணவர் இலக்கத்தையும் அனுப்ப வேண்டும். புத்தகம் எடுத்து வைத்தாயிற்று என்று பதில் வந்ததும் முற்பகலில் போய் வாங்கிக்கொள்ளலாம். இரவல் காலத்தை நீட்டினார்கள், தண்டப்பணத்தை நிறுத்தினார்கள். திரும்பி வரும் புத்தகங்களை ஒரு பெட்டியில் போட்டுத் திகதி எழுதி மூன்று நாள் ஒதுக்கி வைத்தார்கள்.

அந்த மூன்று நாள் கணக்கு அமெரிக்காவில் நூலகங்களுக்காகவே 2020இல் செய்த ஆய்வுகளிலிருந்து பரவியது. புத்தக அட்டையிலும் உட்பக்கத்திலும் மூன்று நாளுக்குப் பிறகு வைரஸ் தென்படவில்லை என்று முதல் சோதனையில் கண்டார்கள். ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த புத்தகங்களில் ஆறு நாள் கழித்தும் தென்பட்டது. இதை அறிந்தபின் எங்கள் நூலகத்திலும் அடுக்குவதை விட்டுவிட்டுப் பரப்பி வைத்தார்கள். இந்த வருடம் ஏப்ரலில், பொருள்களைத் தொடுவதால் தொற்றும் ஆபத்து மிகக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லிவிட்டது. உன் பள்ளியில் யாராவது புத்தகத்துக்கு மருந்து தெளிக்க வந்தால் விடாதே. ஈரம் பட்டால் அட்டையும் கெடும், தாளும் கெடும். காற்றாடப் பரப்பி வைத்தாலே போதும்.

சரி, நான் சொல்ல வந்தது அந்த யன்னலுக்கு உள்ளே இருந்த அக்காவைப் பற்றி. இரவல் பகுதியில் நீண்ட காலமாக வேலை செய்பவர். நூலகம் திறந்திருந்த காலத்தில் அவரை நாங்கள் திகதி முத்திரை குத்துபவராகத்தான் பார்த்தோம். பிள்ளைகள் நேராகப் புத்தக இறாக்கைக்குப் போய்க் கிளறி எடுத்து வந்து நீட்டுவார்கள், அவர் குத்திக் கொடுப்பார். உள்ளே போக முடியாது என்று வந்ததும்தான் அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது வெளியே வந்தது.

முதல் வாரங்களில் பிள்ளைகள் அனுப்பிய செய்திகளை அவர் எனக்குக் காட்டினார். “கல்வி உளவியல் புத்தகம் ஒன்று வேண்டும்.” அவ்வளவுதான். கல்வி உளவியலுக்குரிய 370.15 என்ற பகுப்பெண்ணின் கீழ் ஒரு தட்டு முழுக்கப் புத்தகம் இருக்கும்போது இவர் எதை எடுப்பார்? அதனால் திருப்பிக் கேட்பார். எந்தப் பாடம், ஒப்படை எப்போது கொடுக்க வேண்டும், தமிழில் மட்டுமா, ஆங்கிலம் என்றாலும் வாசிப்பாயா, விரிவுரையில் எந்த அறிஞரின் பெயர் வந்தது? இரண்டு மூன்று தடவை இப்படிக் கேள்வி வாங்கிய பிள்ளை நாலாவது தடவை தானே முழுவதையும் எழுதி அனுப்பும். தனக்கு எது வேண்டும் என்று ஒரு பிள்ளை இரண்டு வரியில் எழுதப் பழகுவது பெரிய படிப்பு. நான் வகுப்பில் ஆய்வுத் தலைப்பு எழுதச் சொல்லி எத்தனையோ தரம் மன்றாடியிருக்கிறேன். இந்த யன்னலில் அது தானாக நடந்தது.

இன்னொன்றும் செய்தார். சில பிள்ளைகளுக்குப் புத்தகத்தின் பெயரே தெரியாது, கண்ணால் பார்த்தால்தான் தெரியும். அவர்களுக்காக இறாக்கையைத் தட்டுத் தட்டாகப் படமெடுத்து அனுப்பினார். பிள்ளைகள் படத்தைப் பெருப்பித்து முதுகில் உள்ள பெயரை வாசித்து, “இடமிருந்து ஏழாவது” என்று பதில் போடுவார்கள். நீயும் இதைச் செய்து பார். ஆனால் ஒரு குறை உண்டு. நம்மூர் மெல்லிய வெளியீடுகளுக்கு முதுகே கிடையாது. கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட மலர், ஊர் வரலாற்றுச் சிறுநூல் எல்லாம் படத்தில் வெறும் கோடாகத்தான் தெரியும். திருகோணமலையைப் பற்றி எழுதுகிற பிள்ளைக்கு வேண்டியதெல்லாம் அந்தக் கோடுகளுக்குள்தான் இருக்கிறது. அவற்றை மட்டும் அக்கா வெளியே எடுத்து மேசையில் பரப்பி அட்டைகளைப் படமெடுத்தார். இப்படிப்பட்டவற்றுக்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளமும் கைகொடுத்தது. தொண்டர்கள் சேர்ந்து ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை மின்வடிவாக்கி இலவசமாக வைத்திருக்கிறார்கள். அந்த வேலையின் அருமை இந்த இரண்டு வருடத்தில் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். ஆங்கிலக் கட்டுரைகளுக்கு ஜேஸ்டோர் என்ற இணையக் களஞ்சியம் இருந்தது. தொற்றுக்காலத்துக்காக, ஒரு கணக்குத் திறந்தால் மாதத்துக்கு 100 கட்டுரை வரை இலவசமாக வாசிக்கலாம் என்று கூட்டிக் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் பாடத்திட்டத்துக்கான தமிழ்ப் பாடநூல்கள் இவை இரண்டிலும் இல்லை. அதற்கு யன்னல்தான் வழி.

கணினிப் பட்டியலைப் பற்றி உனக்கு அவசியம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீயும் உன் பள்ளியில் பட்டியல் போடப்போவதாக எழுதியிருந்தாய். எங்கள் பட்டியலில் தமிழ்ப் புத்தகங்களின் பெயரை ஒரு காலத்தில் ஆங்கில எழுத்தில் பதிந்திருக்கிறார்கள். ஒருவர் ஒரு மாதிரி எழுத்துக்கூட்டியிருக்கிறார், பிறகு வந்தவர் வேறு மாதிரி. ழகரத்துக்கு ஓரிடத்தில் ஓர் எழுத்து, இன்னோரிடத்தில் இரண்டு எழுத்து. ஊரின் பெயரே மூன்று விதமாக இருக்கிறது. இறாக்கை திறந்திருந்தபோது இதனால் ஒருவருக்கும் நட்டமில்லை, பிள்ளை நேரே போய் எடுத்துக்கொள்ளும். பட்டியல் மட்டுமே வாசல் என்று ஆனபோது, உள்ளே இருக்கிற புத்தகத்தை “இல்லை” என்று நம்பிப் பிள்ளைகள் விட்டுவிட்டார்கள். தொடக்கத்திலிருந்தே தமிழ்ப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே பதி. யுனிகோட்டில் பதிந்தால் இப்போதுள்ள நூலக மென்பொருள்கள் தேடித் தரும்.

பிறகு, பக்கங்களைப் படமெடுத்து அனுப்புகிற சேவை. இதை நடத்த இங்கே நிறையத் தயங்கினார்கள், சட்டம் விடுமா என்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. இலாப நோக்கமில்லாத நூலகம் ஒரு கட்டுரையையோ நூலின் சிறு பகுதியையோ, படிப்புக்காகக் கேட்கிற ஒருவருக்கு ஒரு பிரதி எடுத்துக் கொடுக்கலாம். முழுப் புத்தகத்தையும் படமெடுத்துக் குழுவில் போடுவது வேறு கதை, அதைச் செய்ய விடக்கூடாது. எழுதியவரும் பதிப்பித்தவரும் பிழைக்க வேண்டும். இங்கே ஓர் அத்தியாயத்துக்கு மேல் அனுப்பவில்லை. எடுக்கிற விதத்திலும் கவனம் வேண்டும். கைத்தொலைபேசியில் வெறுமனே படமெடுத்தால் ஒரு பக்கமே இரண்டு மூன்று எம்.பி. வரும். முப்பது பக்கத்தை இறக்கினால் ஒரு பிள்ளையின் அன்றைய டேட்டா முடிந்தது. ஸ்கான் செய்யும் செயலியில் கறுப்பு வெள்ளையாக எடுத்துப் பிடிஎஃப் ஆக்கினால் அதே முப்பது பக்கமும் சில எம்.பி.க்குள் அடங்கிவிடும். சம்பூர்ப் பக்கம் சிக்னலுக்காக வெளியே வந்து நிற்கிற பிள்ளைக்கு அந்த வித்தியாசம் பெரிது.

யன்னலால் முடியாததையும் சொல்ல வேண்டும். வாசிப்பு மண்டபத்து மேசையையும் கதிரையையும் அது கொடுக்கவில்லை. ஒற்றை அறை வீட்டில், தம்பி தங்கைகளின் ஸூம் வகுப்புக்கு நடுவில் இருந்து படித்த பிள்ளைகளுக்குப் புத்தகத்தைவிட அந்த மேசைதான் தேவைப்பட்டது. இரண்டு பேர் அதை என்னிடம் வாய்விட்டே சொன்னார்கள். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதனால் மண்டபம் திறக்கப்போகிறது என்று அறிந்தபோது எனக்கும் மெத்தச் சந்தோஷம்.

கவலை என்னவென்றால், மண்டபம் திறந்ததும் யன்னலை நிறுத்தப்போகிறார்களாம். “கொரோனாவுக்காகத் தொடங்கினது, இனி எதற்கு?” என்கிறார்கள். எனக்கு அதை ஏற்க முடியவில்லை. நீ யோசித்துப் பார். கொரோனாவுக்கு முன்னாலும் மூதூர், தோப்பூர், ஈச்சிலம்பற்றுப் பிள்ளைகளுக்கு எங்கள் நூலகம் எப்போது திறந்திருந்தது? விரிவுரை முடிவதும் நூலகம் மூடுவதும் கிட்டத்தட்ட ஒரே நேரம். பின்னேர பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர இருட்டிவிடும், பெண்பிள்ளை என்றால் வீட்டில் பிறகு படிக்கவே விடமாட்டார்கள். நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது அந்தப் பக்கம் தரையால் போவதென்றால் துறைக்குத் துறை ‘பாதை’ என்கிற மிதவைக்குக் காத்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் லோஞ்சில், அதாவது மோட்டார்ப் படகில் போக வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு தூரம் குறைந்தது உண்மைதான். ஆனால் பஸ் நேரம் மாறவில்லை, நூலக நேரமும் மாறவில்லை. வடக்கே குச்சவெளி, புல்மோட்டைப் பிள்ளைகளுக்கும் இதே கதை. நகரத்துப் பிள்ளைகள் இந்த இரண்டு வருடம் பட்ட கஷ்டத்தை இவர்கள் எப்போதும் பட்டுக்கொண்டிருந்தார்கள், நாங்கள்தான் கவனிக்கவில்லை.

யன்னல் வந்தபிறகு தோப்பூரிலிருந்து ஒரு பிள்ளை வருவாள். தன் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோருக்குமான புத்தகங்களையும் பையில் கட்டிக்கொண்டு போவாள். அவரவர் முதல் நாளே அக்காவுக்குச் சம்மதம் எழுதிவிடுவார்கள். முன்பு இரவல் பதிவேட்டில் பெயரே காணாத பிள்ளைகள் அவர்கள். இப்போது வகுப்பில் அவர்கள் கேட்கிற கேள்விகள் மாறியிருக்கின்றன.

எஸ். ஆர். ரங்கநாதனைப் பற்றி நாங்கள் படித்தது உனக்கு நினைவிருக்கும். சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. அதே வருடம் ஒக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகிற நூலகம் தொடங்கியது. தொண்ணூறு வருடத்துக்கு முன்னால் மாட்டு வண்டியில் முடிந்தது, பஸ்ஸும் வாட்ஸப்பும் இருக்கிற காலத்தில் ஒரு யன்னலைத் திறந்து வைக்க முடியாதா?

நான் நிர்வாகத்துக்கு ஒரு கோரிக்கை எழுதுகிறேன். முழுநேரம் வேண்டாம், மதியத்தில் ஒரு மணித்தியாலம் போதும். முன்கூட்டிக் கேட்டு வைத்த புத்தகத்தை வரிசையில் நிற்காமல் வாங்கிப்போகட்டும். தூரத்துப் பிள்ளைகளுக்கு நீட்டிய இரவல் காலம் அப்படியே இருக்கட்டும். ஒருவர் மற்றவருக்காக எடுத்துப்போகிற முறையும் தொடரட்டும். நிர்வாகத்துக்குப் பயம் இதில்தான்: புத்தகம் தொலைந்தால் யார் பொறுப்பு? இதற்கு ஒரு நல்ல படிவம் வேண்டும். உன் பள்ளியில் பெற்றோர் மூலம் புத்தகம் கொடுத்தபோது ஒரு படிவம் வைத்திருந்ததாக எழுதினாயே, அதில் ஒன்றைப் படமெடுத்து அனுப்பு. எடுத்தவர் ஒருவர், பொறுப்பேற்பவர் இன்னொருவர் என்று இருவருடைய கையொப்பத்துக்கும் அதில் இடம் இருந்ததா? புத்தகம் ஏதாவது தொலைந்ததா, தொலைந்தால் என்ன செய்தீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுது. கூட்டம் 16ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் கிடைத்தால் நல்லது. அக்காவையும் கூட்டத்துக்கு அழைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர் பேசினால் என்னைவிட நன்றாகப் பேசுவார்.

மார்கழி விடுமுறையில் வருவதாக எழுதியிருந்தாய், கட்டாயம் வா. அம்மாவையும் கூட்டி வா, மழை விட்டிருந்தால் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகலாம். அவருக்கு முழங்கால் வலி என்றாயே. அப்பாவுக்கும் உன்னோடு கதைக்க நிறைய இருக்கிறதாம்.

அன்புடன்,
உன் சிநேகிதி