பதினொரு மில்லிமீற்றர்

வெள்ளவத்தை,
ஞாயிறு இரவு.

அன்பின் சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் எழுதாததற்குச் சாட்டுச் சொல்ல ஒன்றுமில்லை. விடைத்தாள், கூட்டம், மழை, எல்லாம் வழமைதான். காலி வீதியில் இப்போது பஸ்ஸை விட நடந்து கெதியாய்ப் போகலாம். அம்மாவின் முழங்கால் வலியைக் கேட்டிருந்தாய். குறைந்துதான் இருக்கிறது, ஆனால் அவ ஒத்துக்கொள்ள மாட்டா.

சரி, எழுத வந்தது வேறு. என்னிடம் எம்ஃபில் செய்கிற மட்டக்களப்புப் பிள்ளையைப் பற்றிச் சொன்னேனே. ஒரு மூலிகையின் இலைச்சாறு பக்டீரியாவைக் கொல்லுமா என்று பார்க்கிறாள். உனக்கு மறந்திருக்காது: கிருமி வளர்க்கிற அகார் பிளேட்டில் கிருமியைப் பூசி, மெதனோல் என்ற கரைப்பானில் எடுத்த சாறு ஊறிய 6 மில்லிமீற்றர் கடதாசி வட்டத்தைக் காயவிட்டு மேலே வைத்து, 37 பாகையில் இரவு முழுக்க விட்டு, காலையில் கிருமி வளராத வளையம் ஏதும் விழுந்திருக்கிறதா என்று அடிமட்டத்தால் அளக்கிற வேலை. ஐந்து தரம் செய்தாள். ஒன்றும் விழவில்லை.

"இலையில் ஒன்றுமில்லை மிஸ், அப்படியே எழுதட்டுமா?" என்று கேட்டாள்.

"இன்னொரு தரம் செய்து பார்" என்றேன்.

கேட்க நல்ல புத்திமதி போலத்தான் இருக்கும். ஆனால் முதல் தரமே வளையம் விழுந்திருந்தால் ஆறு தரம் செய்யச் சொல்லியிருப்பேனா?

ஆறாம் தரம் விழுந்தது. 11 மில்லிமீற்றர், கண்ணாடி மாதிரித் தெளிவு. நான் போட்டோ கூட எடுத்துவிட்டேன். அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. இரண்டு நாள் கழித்து இன்னொரு பிளேட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சாறே இல்லாத, மெதனோல் மட்டும் தோய்த்த வட்டம். அதைச் சுற்றியும் கிட்டத்தட்ட அதே வளையம். "அன்றைக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் சாறு வட்டங்களைச் சரியாகக் காயவிடவில்லை மிஸ். கிருமியைக் கொன்றது மெதனோல்தான், இலை இல்லை." ஒப்பீட்டுக்கு வைத்த வட்டம் முதலே காய்ந்துபோனதால் அதில் ஒன்றும் தெரியவில்லையாம். அவள் வாய் திறந்திராவிட்டால் நானும் கண்டுபிடித்திருக்க மாட்டேன், கட்டுரையைப் பார்க்கிறவர்களும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

அன்றிரவு எனக்கு உன் நினைவுதான். உன்னிடமும் அன்று 'இன்னொரு தரம் செய்து பார்' என்றுதானே சொன்னார்கள்? நீ வராத முடிவை வரவில்லை என்றே எழுதிக் கொடுத்தாய், மேற்பார்வையாளரின் கையெழுத்து விழவில்லை. பக்கத்து மேசையில் நான் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டு நின்றேன். எல்லாம் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் நாங்கள் இதைக் கதைத்ததே இல்லை. நீ பள்ளிக்கூடத்தில் சந்தோஷமாக இருக்கிறாய் என்பதை நம்புகிறேன், ஆனால் அது எனக்கு வசதியான நம்பிக்கையும்தான்.

'இந்த இலை வேலை செய்யவில்லை' என்ற கட்டுரையைப் போட ஆளில்லை. போடாததால் நாளைக்கு வேறொரு பிள்ளை அதே இலையை அரைத்து, அதே காசையும் ஒரு வருஷத்தையும் கொட்டும். காசு என்ன கொட்டியா கிடக்கிறது? நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆராய்ச்சிக்குப் போவது ஏறத்தாழ 0.1 வீதம். 2022இல் 13 மணித்தியாலம் மின்வெட்டு நடந்த நாட்களில், சேகரித்த மாதிரிகள் உருகாமல் இருக்கப் பிள்ளைகள் ஐஸ் பெட்டியோடு அலைந்ததை முன்பே எழுதியிருந்தேன். வெளிநாட்டு இதழ்களின் கட்டணமோ வேறு உலகம். ஒரு கட்டுரையை எவரும் இலவசமாக வாசிக்க விடுகிற 'திறந்த அணுக்கத்துக்கு' 'நேச்சர்' 2021இல் எழுதுகிறவர் பக்கம் வைத்த விலை 9,500 யூரோ. இன்றைக்கு எங்கள் காசில் முப்பது இலட்சத்துக்கு மேல்!

மாணவர்களுக்கு எல்லாரும் கொரோனா தடுப்பூசிக்கு வழி திறந்த கத்தலின் கரிக்கோ கதையைச் சொல்கிறார்கள். பதவி இறக்கப்பட்டும் விடாமல் நின்று 2023இல் நோபல் வாங்கினவர். நல்ல கதைதான், முடிவும் நல்லது. நான் டக்ளஸ் பிரஷரைச் சொல்வேன். ஜெல்லிமீனின் பச்சை ஒளிர்புரத்துக்கான மரபணுவை 1992இல் பிரித்தெடுத்தவர். நிதி தீர்ந்துபோக, மரபணுவை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். 2008இல் அந்தப் புரதத்துக்கு மூன்று பேருக்கு நோபல் கிடைத்தபோது, அவர் அலபாமாவில் ஒரு கார் விற்பனை நிலையத்தில் வான் ஓட்டிக்கொண்டிருந்தார். வென்றவர்கள் அவரை மறக்கவில்லை, பிறகு திரும்ப ஆய்வுகூடத்துக்கும் வந்தார். ஆனாலும் கெட்டிக்காரத்தனம் மட்டும் இருந்தால் போதும் என்று அதற்குப் பிறகு எந்த வாயால் சொல்வது?

பிள்ளையிடம் ஆறு தரத்தையும் எழுதச் சொல்லிவிட்டேன், மெதனோல் சங்கதி உட்பட. பரீட்சகர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். ஜேர்மனிக்கு விண்ணப்பிக்கச் சிபாரிசுக் கடிதம் கேட்டிருக்கிறாள். 'நேர்மையானவர், கடின உழைப்பாளி' என்று எல்லாருக்கும்தான் எழுதுகிறோம், ஒருவரும் வாசிப்பதில்லை. இவளுக்கு அந்த இரண்டு பிளேட்டின் கதையை எழுதப்போகிறேன். முதலில் உனக்கு அனுப்புகிறேன், படித்துப் பார்.

அப்புறம், உங்கள் பக்கத்திலிருந்து யாராவது வந்தால் ஒடியல் மா கொடுத்துவிடு. அம்மா கூழ் கேட்கிறா.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து மேசைக்காரி